வராத நாளின் கிழமை

வைதேகி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் அபிராமபுரத்தில் என் வீட்டு அடுப்படியில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் அவள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள்தான் போன் செய்தார். "வைதேகி விடிகாலைல போயிட்டா. நீங்க வந்தா தேவலை" என்றார். போனை வைத்ததும் நான் என் கணவரிடம் கேட்ட முதல் கேள்வி, இன்றைக்கு என்ன கிழமை என்பதுதான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, புதன்கிழமை என்றார். அந்த நேரத்தில் கிழமையை ஏன் கேட்டேன் என்று, தி.நகர் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களில் சிலருக்கு உடனே புரியும். மற்றவர்களுக்காகத்தான் நம் அலுவலக மலரில் இதை எழுதுகிறேன்.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று மரியாதையாக எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் ஒரே டிபன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவளை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் கைப்பையில் எல்லோரையும்போல சீப்பும் பவுடரும் இருக்காது. ஒரு சின்னக் கத்தரிக்கோலும் கோந்து பாட்டிலும் இருக்கும். அதற்காக நாம் அவளுக்குக் 'கோந்து மாமி' என்று பெயர் வைத்தோம். முதுகுக்குப் பின்னால் சொல்லத் தொடங்கி, கடைசியில் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டோம். அவள் திரும்பிப் பார்த்து, "என்ன வேணும், ஒட்டணுமா?" என்பாள். சண்டைக்கு வராதவளை எத்தனை நாள்தான் கிண்டல் செய்வது?

ஜனவரி பிறந்தால் நம் அலுவலகத்துக்கு டைரிகள் வந்து குவியுமே, நினைவிருக்கிறதா? மேலதிகாரிகளின் மேஜைக்கு ரெக்ஸின் அட்டை போட்ட தடி டைரி போகும். நமக்குச் சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒன்று வரும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். அந்தத் தடி டைரிகளில் ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. வருஷக் கடைசியில் மேஜையைச் சுத்தம் செய்யும்போது அவை வெள்ளை வெளேரென்று அப்படியே வெளியே வரும். பியூன் முனுசாமி அவற்றைப் பொறுக்கிக் கொண்டுவந்து, "இந்தாம்மா, ஒரு எழுத்துகூட இல்ல, புச்சா கீது" என்று வைதேகியிடம் கொடுப்பார். அவள் தன் நாள்களை எழுதியதெல்லாம் அவற்றில்தான். ஆக, போன வருஷத்து டைரியில்தான் இந்த வருஷத்தை எழுதுவாள். தேதி எல்லா வருஷமும் ஒன்றுதான், மாறுவது கிழமைதான், அதற்காக இவ்வளவு நல்ல தாளைத் தூக்கிப் போடுவதா என்பது அவள் கட்சி.

கிழமைக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அவள் வீட்டுக் கூடத்தில், ராகு காலமும் நல்ல நேரமும் போட்ட தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். தினமும் காலையில் முந்தின நாளின் தாளைக் கிழித்ததும், அதிலுள்ள கிழமையை மட்டும் கத்தரித்து, டைரியில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் பழைய கிழமையின் மேல் ஒட்டிவிடுவாள். அதனால் அவள் டைரியில் கடந்துபோன நாள்களுக்கெல்லாம் கிழமை சரியாக இருக்கும். இனி வரவேண்டிய நாள்களுக்கு மட்டும் போன வருஷத்துக் கிழமை, அதாவது ஒரு நாள் பின்தங்கிய கிழமை, அச்சில் அப்படியே நிற்கும். வரப்போகிற புதன்கிழமைக்கு அவள் டைரியில் செவ்வாய் என்று இருக்கும். நாமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவளும் சிரித்தாள்.

அந்தப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட், இன்னொன்றில் உலர்ந்த கனகாம்பரம், வேறொன்றில் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு. கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து மயிலையும் குத்துவிளக்கையும் வெட்டி எடுப்பாள். ரவிக்கை தைத்து மிஞ்சிய துணியில் ஓரம் கட்டுவாள். என் கணவர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையிலிருந்து, பட்டுப்புடவைப் பெட்டியில் வரும் ஜரிகைத் தாளை நான் கொண்டுவந்து கொடுப்பேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மாதம் பிறந்ததும் அந்த மாதத்துப் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் ஓரம் கட்டி வைத்துவிடுவாள். எழுதுவது மட்டும் நாலைந்து வரிதான். என்ன சமைத்தாள், தண்ணீர் லாரி எப்போது வந்தது, யார் என்ன சொன்னார்கள், வெயிலா மழையா, அவ்வளவே. இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பெரிய சமாசாரமெல்லாம் பேப்பர்லயே வந்துடறது, செண்பகம். நம்மாத்து ரசம் எந்தப் பேப்பர்ல வரும்?" என்றாள்.

ஒருநாள் மாலை பன்னிரண்டு பி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து விரலிடுக்கில் மடித்துக் கொடுத்தார். மடிக்காத டிக்கெட் வேண்டும் என்று வைதேகி கேட்டாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை, அவருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? "இன்னாம்மா, டிக்கெட்ட ஃப்ரேம் போட்டு மாட்டிக்கினு இருக்கியா ஊட்ல?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மறுநாள் அவள் டைரியைக் காட்டினாள். அந்த மடிந்த டிக்கெட்டை நடுவில் ஒட்டி, சுற்றிலும் ஜரிகைத் தாளால் ஃப்ரேம் போட்டிருந்தாள். கீழே கண்டக்டர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். அடுத்த தடவை அதே கண்டக்டர் வந்தபோது அவருக்கும் காட்டினாள். அவர் இரண்டு டிக்கெட்டை மடிக்காமல் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பக்கங்களின் அருமை எனக்கு என் அம்மா போன பிறகுதான் தெரிந்தது. கோவில்பட்டியிலிருந்து அம்மா ஒரே ஒரு தடவைதான் சென்னைக்கு வந்தாள். என் அலுவலகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் மதியம் வந்து போனாள். அம்மா இறந்து நான் வேலைக்குத் திரும்பியதும், வைதேகி ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்து அந்த நாளின் பக்கத்தை என் முன்னால் வைத்தாள். "செண்பகத்தோட அம்மா வந்தா. பச்சைச் சின்னாளப்பட்டிப் புடவை. கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்தா. இந்த ஊர்த் தண்ணி நாக்குல ஒட்டலைன்னா." ஓரத்தில் மிட்டாய் பொதிந்து வந்த தாளின் ஒரு துண்டு, எண்ணெய்க் கறையோடு. அம்மா அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் அலுவலகம் என்றும் பாராமல் அழுதேன். "ஒட்டாத நாள் ஓடிடும்டி" என்று சொல்லி அவள் என் முதுகைத் தடவினாள்.

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அதை விட்டால் வைதேகி இல்லை.

அவள் கணவர் சேஷாத்ரிக்கு வயிற்றில் கட்டி என்று தெரியவந்தது ஒரு மார்கழி மாதத்தில், ஜனவரி பிறந்த கையோடு. அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில், செவ்வாய்க்கிழமை மட்டும் வரும் பெரிய டாக்டர் ஒருவர் பார்த்தார். பொங்கல் கழிந்ததும் வருகிற செவ்வாய்க்கிழமை எல்லா ரிப்போர்ட்டோடும் வாருங்கள், அன்றைக்கே ஆபரேஷனை முடிவு செய்யலாம் என்றார். வைதேகி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து டைரியைப் புரட்டி, செவ்வாய் என்று அச்சடித்திருந்த பக்கத்தில் 'டாக்டர்' என்று எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் நல்ல செய்தி வரட்டும் என்று அந்தப் பக்கத்தின் தலையில் ஒரு குத்துவிளக்கை ஒட்டினாள். அந்தப் பக்கம் உண்மையில் புதன்கிழமை.

சாதாரண நாளாக இருந்தால் தப்பு தெரிந்திருக்கும். அந்த வருஷம் பொங்கல் சனிக்கிழமை வந்தது. வெள்ளி போகியில் தொடங்கித் திங்கள் காணும் பொங்கல் வரை வீட்டில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை மாதிரிதான். பண்டிகை நாளில் கிழமையை யார் நினைக்கிறார்கள்? அவள் மாதத் தொடக்கத்திலிருந்தே லீவில் இருந்தாள். சேஷாத்ரி ராத்திரியெல்லாம் வலியில் முனகினார். போகியிலிருந்து சுவர்க் காலண்டரைக் கிழிக்கவும் அவளுக்குக் கை ஒழியவில்லை. செவ்வாய்க்கிழமை அலுவலகம் திறந்ததும் அவள் நாற்காலியைப் பார்த்துவிட்டு முனுசாமி, "வைதேகிம்மா இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்" என்றார். நாம் எல்லோரும் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். அந்த நேரத்தில் அவள் தன் வீட்டில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கணவரையும் மகன் ரகுவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனாள். வரவேற்பில் இருந்தவர், "நேத்துதாம்மா செவ்வாய்க்கிழமை. டாக்டர் ராத்திரியே ஃபாரின் போயிட்டாரு, வர ஒரு மாசத்துக்கு மேல ஆவும்" என்றார். வைதேகி டைரியைத் திறந்து அவர் முன்னால் வைத்து, "செவ்வாய்னு அச்சுல போட்டிருக்கே" என்றாள். அவர் குத்துவிளக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ரகு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இதை எனக்குச் சொன்னவள் வைதேகியேதான், ஒரு வார்த்தையையும் தனக்குச் சாதகமாக மாற்றாமல் சொன்னாள்.

வேறு டாக்டர்கள், பெரியவர் பார்த்த கேஸ், அவரே வரட்டும் என்றார்கள். அவர் வந்து வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார். சித்திரையில் சேஷாத்ரி போய்விட்டார். முதலிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று வைதேகி டாக்டரிடம் நேராகவே கேட்டாள். சொல்ல முடியாது என்றாராம். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் உடைந்து அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். சொல்ல முடியாது என்றதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்?

பதிமூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நான் அடுப்படியில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ரகு பேசுவது கேட்டது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் நடுவில் போயிருப்பேன். "நீ பூ ஒட்டிண்டு இருந்தே, அம்மா. அப்பாவோட நாள் போயிடுத்து" என்றான். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை அவன்மேல் வீசியிருப்பேன். ஆனால் அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, அதையும் பார்க்க வேண்டியிருந்தது. படிப்பு முடிந்ததும் அவன் பம்பாய் போனான், அங்கிருந்து அமெரிக்கா போனான். மாதம் தவறாமல் பணம் வந்தது. கடிதம் வரவில்லை. கொட்டிவாக்கத்தில் இருக்கும் மாமாவுக்கு, அதாவது வைதேகியின் தம்பிக்கு, போன் செய்து அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பான். அம்மாவிடம் பேச மாட்டான். அவன் சொன்னது அநியாயம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "அவன் சொன்னதுல என்ன தப்பு?" என்பாள்.

அவள் டைரிகளையெல்லாம் கொளுத்திவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கொளுத்தவில்லை. காரியங்கள் முடிந்து அவள் முதலில் செய்தது, போகியிலிருந்து கிழிக்காமல் தொங்கிய காலண்டர் தாள்களைக் கிழித்து, ஒவ்வொரு நாளுக்கும் சரியான கிழமையை ஒட்டியதுதான். குத்துவிளக்குப் பக்கத்தின் மேல் புதன் என்று ஒட்டினாள். அதற்கு முந்தின பக்கத்தில், உண்மையான செவ்வாய்க்கிழமையில், அவள் அன்றைக்கே எழுதியிருந்தது எனக்கு இன்னும் மனப்பாடம். "மிளகு ரசம். அவருக்கு வலி இல்லை. இன்னும் ரெண்டு வாய் போடுன்னார். மத்தியானம் மாடியில வெயில்ல உக்காந்து ரகுவோட சின்ன வயசுக் கதையெல்லாம் பேசிண்டிருந்தோம். நாளைக்கு டாக்டர்." அவர்கள் இருவருக்கும் கிடைத்த கடைசி நல்ல நாள் அதுதான்.

அதற்குப் பிறகு அவள் டைரி எழுதுவதில் ஒரே ஒரு மாற்றம். பழைய டைரியில்தான் எழுதினாள், பழையபடி வெட்டினாள், ஒட்டினாள். ஆனால் வராத நாளின் பக்கத்தில் பேனாவை வைக்க மாட்டாள். ஓரம் கட்டி வைப்பதும் நின்றது. கல்யாணம், வாடகை, ஊர் சுற்றிப் பார்க்க அலுவலகம் தரும் எல்.டி.சி. லீவு, எதையும் முன்கூட்டி எழுதுவதில்லை. "நடந்தப்புறம் எழுதிக்கறேன். வராத நாளை நான் தொடறதில்லை" என்பாள். மாலையில் பஸ்ஸில் என் ஸ்டாப்தான் முதலில் வரும். நான் இறங்குவதற்கு எழுந்ததும், "நாளைக்கு என்ன கிழமை, செண்பகம்?" என்று கேட்பாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் காலண்டர் இல்லையா என்றேன். "அச்சுல இருக்கறதை நம்ப மாட்டேன். நீ சொல்லு" என்றாள். சொன்னேன். அப்புறம் தினமும் சொன்னேன். போய்வருகிறேன் என்று சொல்வதற்குப் பதிலாக எங்களுக்குள் அதுவே ஆகிவிட்டது. வியாழன் என்று சொல்லிவிட்டு நான் படியிறங்குவதை, பஸ்ஸில் வழக்கமாக வருபவர்கள் பார்த்துப் பழகிப்போனார்கள்.

போன வருஷம் அவளுக்கே கர்ப்பப்பையில் புற்று என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதிகளை அவள் எழுத மாட்டாள் என்று தெரியும், அதனால் என் வீட்டு அடுப்படிக் காலண்டரில் நான் வட்டம் போட்டு வைத்துக்கொண்டேன். ஒரு தேதியும் தவறவில்லை. மருந்து ஏற்றும் நாளில் ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு காலையிலேயே அவள் வாசலில் போய் நிற்பேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத்து வெள்ளித் தாளை அவள் வீணாக்கவில்லை. நட்சத்திரமாக வெட்டி ஒட்டினாள். விரல் நடுங்கத் தொடங்கியதும், நான் வெட்டிக் கொடுத்தேன், அவள் ஒட்டினாள். அந்தப் பக்கங்கள் மினுமினுவென்று, எல்லாவற்றையும்விட அழகாக இருந்தன. எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "அரை இட்லி. குமட்டல் இல்லை. காக்கா ஜன்னல்ல வந்து உக்காந்தது" என்று எழுதியிருந்தாள்.

நிலைமை கைமீறிப் போனதும் அவள் தம்பி ரகுவிடம் சொல்லிவிட்டார். டிசம்பரில் லீவு கிடைக்கும், வருகிறேன் என்று ரகு சொன்னான். அதை நான்தான் அவளிடம் போய்ச் சொன்னேன். டைரியை எடுத்துக் கொடுத்து, ரகு வருகிறான் என்று இன்றைக்காவது எழுதிவை என்று கெஞ்சினேன். டைரியைத் தள்ளிவிட்டு, "வந்தப்புறம் எழுதிக்கறேன்" என்றாள். டிசம்பர் வரை அவள் இருக்கவில்லை.

ரகு வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை விடியற்காலை. அதுவரை அவளை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். விமானம் மாறி விமானம் மாறி வந்தவனுக்கு எது ராத்திரி, எது பகல் என்றே தெரியவில்லை. காலண்டர் அவள் போன புதன்கிழமையோடு நின்றிருந்தது. கிழிக்க ஆள் இல்லை. மயானத்திலிருந்து திரும்பி வந்ததும் அவன் தலையைக்கூடத் துவட்டாமல் போன் அருகில் உட்கார்ந்தான். உறவுக்காரர்களின் நம்பரெல்லாம் வைதேகியின் டைரியில், கடைசிப் பக்கங்களில் இருந்தன. டைரியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் இன்ன தேதி, வியாழக்கிழமை, வந்துவிடுங்கள் என்றான். நாலாவதாக ஒருவருக்குச் சொல்லும்போதுதான் என் காதில் அது விழுந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"ரகு, பத்தாம் நாள் வெள்ளிக்கிழமைப்பா" என்றேன்.

அவன் போனைக் கையில் பிடித்தபடியே டைரியைப் பார்த்தான். அந்தத் தேதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. ஓரம் இல்லை, பூ இல்லை, மேலே வியாழன் என்று மட்டும் இருந்தது. "அச்சுல போட்டிருக்கே, ஆன்ட்டி" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அம்மாவின் பக்கத்தில் நின்று கேட்ட அதே வார்த்தை. அவள் பழைய டைரியில்தான் எழுதுவாள் என்பது அவனுக்குத் தெரியாதா? சின்ன வயசிலிருந்து பார்த்தவன்தான். அதனால்தான் அவள் நாளைத் தொலைத்தாள் என்று அவளை விட்டுப் போனவனே அவன்தான். துக்கம் வந்து உட்கார்ந்தால் அச்சில் இருப்பதை அப்படியே படிக்கத்தான் கண் போகிறது. அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். எதிர்முனையில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவனைத் திட்ட வேண்டும் என்று இத்தனை வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. "உன் அம்மா ஒரு தேதிகூடத் தவறவிடலைப்பா. எல்லா நாளும் நாள் தவறாம ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்படியும் அவளும்தான் போயிட்டா" என்றேன். அவனுக்கு ஆறுதலாகத்தான் சொன்னேன். அது ஆறுதலாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவன் தரையில் உட்கார்ந்து, டைரியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். இந்த அழுகையில் கால் பங்கை அவள் உயிரோடு இருக்கும்போது போனில் அழுதிருந்தால் என்ன? எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. போகாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் எழுந்து காலண்டரில் புதனையும் வியாழனையும் கிழித்தான். அவள் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கிழமைகளை வெட்டினான். வெள்ளிக்கிழமை இன்னும் முடியவில்லை, ஆனாலும் அதையும் கிழித்தான். மூன்று நாளுக்கும் கிழமையை ஒட்டினான். கோந்து வழிந்து, எல்லாமே கோணலாக ஒட்டின. வெள்ளி என்று ஒட்டிய பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "அம்மா எப்படி எழுதுவா, ஆன்ட்டி?" என்று கேட்டான். நடந்ததை மட்டும்தான் எழுதுவாள் என்றேன். 'ரகு வந்தான்' என்று எழுதினான்.

டைரிகளையெல்லாம் அவனே கொண்டுபோகிறான். எடை அதிகம் என்று மாமா சொன்னார்; துணிமணியை விட்டுவிட்டுப் போகிறேன் என்றான். என் அம்மா வந்த பக்கத்தை வேண்டுமானால் வெட்டித் தரட்டுமா என்று என்னிடம் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கருப்பட்டித் தாள் அவள் ஒட்டிய இடத்திலேயே இருக்கட்டும். கத்தரிக்கோலையும் அவனே வைத்துக்கொள்ளட்டும். எனக்குச் சீராக வெட்ட வராது, நாளை ஒட்டி வைக்கும் பொறுமையும் கிடையாது. அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது பஸ்ஸில் அவள் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றுதான்.

இதை எழுதும் இன்று வியாழக்கிழமை. நீங்கள் படிக்கும்போது பத்தாம் நாளும் பதிமூன்றாம் நாளும் கடந்து போயிருக்கும். அலுவலகம் விட்டுப் பன்னிரண்டு பி-யில் வந்தேன். அவள் ஜன்னலோரத்தில் வேறு யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். என் ஸ்டாப் வந்ததும் எழுந்தேன், படிக்குப் போகாமல் நின்றேன். கண்டக்டர் விசில் அடித்துவிட்டு, இறங்கவில்லையா என்று கேட்டார். ஒருவரும் கேட்காததால் நானே வாய்க்குள் சொல்லிவிட்டு இறங்கினேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, வைதேகி.